வழுவும் வழுவமைதியும்

(வாலிபர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியவர் நம் முன்னோர். இவ்விரண்டுக்கும் பொதுவாக நம்மிடம் ஒரு சொல் உண்டு. அதுவே வழு. சொல்லும் பொருளும் பொருந்தாவிடின் இலக்கணத்தார் அதை வழு என்பர். அளந்த அளவு உண்மை அளவினின்று விலகினால், நம் நாட்டு விஞ்ஞானப் பாடநூல்களும் அதை வழு என்றே கூறும்.

"அவன் வந்தாள்" என்பது பால்வழு. ஆனால் தாயொருத்தி தன் மகளை "வாடா ராசா" என்றழைத்தால் நாம் பிழை பிடிப்பதில்லை. உவப்பினால் வந்த சொல்லென்று நன்னூலும் இடங்கொடுக்கிறது. இதுவே வழுவமைதி. எனினும் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தக்க காரணம் காட்டவேண்டும்.

கணக்கிலும் அவ்வாறே. ஏறக்குறைய ஐந்து கிலோ கொழுந்து தொழிற்சாலைக்குச் சென்று ஒரு கிலோ தேயிலையாகிறது. மீதி எங்கே? வாட்டும்போதும் உலர்த்தும்போதும் நீர் நீங்கிற்று. காரணம் தெரிந்தது, ஐயம் தீர்ந்தது. தராசு ஒருநாள் கூட்டியும் ஒருநாள் குறைத்தும் காட்டினால், பல நாளில் அவை பெரும்பாலும் ஈடாகும். நாள்தோறும் அரைக் கிலோ குறைத்தே காட்டுமாயின், 24 நாளில் 12 கிலோ போய்விடும். என்றும் ஒரு பக்கமே சாயும் வழு தற்செயலன்று. அத்தராசைத் திருத்தவே வேண்டும்.

தோட்டத்தில் வழங்கும் "அரைப்பேர்" என்ற சொல்லை நோக்குவோம். ஒரு பேருக்கு 18 கிலோ எனக் கொள்வோம். 17 கிலோ பறித்தவளுக்கு அரைப்பேர் போட்டால், கொழுந்தில் குறைந்தது நூற்றுக்கு ஆறுக்கும் கீழே. கூலியில் குறைந்தது நூற்றுக்கு ஐம்பது. "அரை" என்ற சொல்லுக்கும் கூடையிலுள்ள நிறைக்கும் பொருத்தம் யாது? இவ்வழுவுக்கு எந்த அமைதி கூறுவோம்?

இனி நம் சமூகத்தின் பெருங்கணக்கு. 1964 அக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம்மவர் தொகையை 975,000 என மதிப்பிட்டது. இந்தியாவுக்கு 525,000 பேர். இலங்கைக்கு 300,000 பேர். பின்னர்த் தீர்மானிக்க 150,000 பேர். கூட்டினால் கணக்குச் சரி. 1974 இல் எஞ்சியோரையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. அதுவும் சரி. ஆயினும் இந்தியக் குடியுரிமை கோரி விண்ணப்பித்தோர் தொகை, இந்தியாவுக்கென வகுத்த 600,000 ஐ எட்டவில்லை. கூட்டலில் வழுவில்லை. எண்ணப்பட்டவரின் விருப்பத்தைக் கேளாது எண்ணியதே வழு. நாடற்றோர் நிலையைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

அன்பர்களே, பேதம் கண்டவுடன் பிறரைத் திருடரென்பது அறிவன்று. கண்டும் வாளாவிருப்பது அறமன்று. காரணத்தைக் கேட்பதே முறை. பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் பெயர் எழுதப்பட்டு, சேமலாப நிதி பெற அலையும் முதியோர் நம்மிடையே உளர். நம் சங்கம் ஞாயிறுதோறும் ஒருமணி நேரம் ஒதுக்கி, அவர்களின் பத்திரங்களையும் சம்பளத் துண்டுகளையும் படித்து ஒப்புநோக்கிக் கொடுக்குமாயின், நாம் கற்ற எண்ணும் எழுத்தும் பயன்பெறும். அதுவும் ஆண்டவன் தொண்டேயாகும்.