சோடி நடனம்

மத்தியதரைக் கடலோரத்து யாஃபா நகரிற் பிறந்த பியர் டுலேன், 1948இல் நான்கு வயதுக் குழந்தையாய்க் குடும்பத்தோடு ஊரை விட்டகன்றவர். சோடி நடனத்திற் புகழெய்திய அவர், 1994இல் நியூயோர்க் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதனைக் கற்பிக்கலானார்.

முதுமையிற் பிறந்த ஊருக்கு மீண்டு, யூதப் பிள்ளைகளையும் பாலஸ்தீன அரபுப் பிள்ளைகளையும் சோடி சேர்க்க முனைந்தார். அதுவன்றோ துணிவு! பகைவரென்று கேட்டு வளர்ந்தோரின் கையைப் பற்றுவது எங்ஙனம்? ஆணும் பெண்ணும் தொட்டு ஆடலாமோ என்னும் தயக்கம் வேறு.

ஆயினும் இந்நடனத்தில் ஒருவர் தனித்துச் சிறத்தல் இயலாது. துணையின் அடி பிசகினால் தன் அடியும் பிசகும். ஆகவே அம்முகத்தை நோக்கியே ஆகவேண்டும். அரபுச் சிறுவனும் யூதச் சிறுமியும் அவ்வாறு நோக்கி அடிவைப்பதை, ‘டான்சிங் இன் ஜாஃபா’ என்னும் 2013ஆம் ஆண்டு ஆவணப்படத்திற் காணலாம்.