வேலி பயிரை மேய்ந்தால்

பஞ்சாயத்து உறுப்பினர்களே, உழவர் பெருமக்களே!

வேலியே பயிரை மேய்ந்தால் விளைவு எங்ஙனம் வீடு வந்து சேரும்? சில குழந்தைகளின் உடலில் இவ்விபரீதம் நிகழ்கிறது. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள், வழிதவறித் தம் சொந்த மூட்டுகளையே தாக்குகின்றன. 16 வயதிற்குள் தோன்றி, 6 வாரங்களுக்குக் குறையாமல் நீடிக்கும் இந்நோயை இளம்பருவ மூட்டுவாதம் என்கிறோம்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்துகளே போதும். எதற்கும் அடங்காத நோய்க்கென மருத்துவர்கள் கடுமையானதொரு முறையைக் கையாண்டனர். களை மண்டிய வயலில் நாம் என்ன செய்கிறோம்? விதைநெல்லைப் பத்திரப்படுத்தி, வயலை அடியோடு உழுது, மீண்டும் விதைக்கிறோம். அவ்வாறே, இரத்தத்திற்கு வித்தாகிய குருத்தணுக்களை, அதாவது 'ஸ்டெம் செல்'களை, குழந்தையின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து, உறையவைத்துக் காக்கின்றனர். பின்னர், கடும் மருந்துகளால் பழைய வெள்ளணுக்களை அழித்து, காத்த குருத்தணுக்களை இரத்தத்தில் செலுத்துகின்றனர். அவை மஜ்ஜையில் குடியேறிப் புதிய காவற்படையை உண்டாக்குகின்றன.

நெதர்லாந்து மருத்துவர்கள் 4 குழந்தைகளுக்கு இவ்வாறு செய்து கண்ட பலனை 1999-ல் வெளியிட்டனர். ஐரோப்பாவில் இச்சிகிச்சை பெற்ற 34 குழந்தைகளின் கணக்கு 2004-ல் வெளியாயிற்று. அவர்களுள் 18 பேர் மருந்தின்றியே நலமுடன் இருந்தனர். ஆனால், 3 குழந்தைகள் இச்சிகிச்சையின் விளைவாகவே மாண்டனர். புதுப்படை தலையெடுக்கும்வரை உடல் காவலற்றுக் கிடக்கிறது. அப்போது புகும் தொற்று உயிரையே குடிக்கக்கூடும். இன்று நோயின் மூலத்தைக் குறிவைக்கும் புதிய மருந்துகள் வந்துள்ளமையால், இம்முறை கடைசி வழியாகவே கருதப்படுகிறது.

ஆகவே, நம் கடமைகள் இரண்டு. முதலாவது, நோயை முளையிலேயே அறிதல். காலையில் மூட்டு விறைத்து நொண்டும் குழந்தையை, 'விளையாட்டில் விழுந்திருக்கும்' என்று விட்டுவிடலாகாது. வலியோ சிவப்போ இன்றிக் கண்ணையும் இந்நோய் கெடுக்கக்கூடும். மூட்டுடன் கண்ணையும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

இரண்டாவது, ஏமாறாதிருத்தல். 'எந்நோய்க்கும் ஸ்டெம் செல்' என்னும் விளம்பரத்தை நம்பி நிலத்தை அடகு வைக்கலாகாது. அங்கீகாரம் பெற்ற நோய்களுக்குச் செய்யும் இரத்தக் குருத்தணு மாற்றத்தைத் தவிர, மற்றவற்றை முறையான ஆராய்ச்சிக்கு வெளியே சிகிச்சையாக அளிக்கலாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன.

உறுப்பினர்களே! நொண்டும் குழந்தை ஒன்று உங்கள் தெருவில் இருப்பின், இந்த வாரமே அதன் பெற்றோருடன் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். களையை முளையில் கிள்ளினால் வயலை அழித்து உழ வேண்டிய அவசியம் நேராது.