பல்லாவரத்து நாற்காலி

மேடையில் மெத்தை வைத்த நாற்காலி கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு அதைப் பற்றியே பேசத் தோன்றுகிறது.

எனக்கு ஊர் தாம்பரம். கடற்கரை ரயிலில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பல்லாவரம். வெள்ளிக்கிழமையானால் அங்கே பழைய டிரங்க் ரோட்டில் சந்தை. புறா, பூச்செடி, ஓடாத மிக்சி, இவற்றுக்கு நடுவே மரச்சாமான்கள். போன முறை ஒரு சாய்வு நாற்காலி கண்ணில் பட்டது. காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ள நீண்ட கைகள், கிழிந்த பிரம்புப் பின்னல். தோட்டத்துத் துரைமார் வேலையாளை விட்டுப் பூட்ஸைக் கழற்றச் சொல்லி உட்கார்ந்திருந்த ஜாதி நாற்காலி.

பல்லாவரமும் பரங்கிமலையும் வெள்ளைக்காரர் காலத்துப் படைக் குடியிருப்புகள். ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் அந்தப் பக்கம் நிறைய. 1947க்குப் பிறகு அவர்களில் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். ஈட்டி மர அலமாரியையா கூடவே தூக்கிக்கொண்டு போக முடியும்? விமானமேறும்போது 23 கிலோ பெட்டிக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று தராசோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மேசை, அலமாரி, ஜன்னல் மூன்றும் போர்த்துகீசியர் வழி வந்த சொற்கள். அவை வருமுன் நம் வீட்டில் இருந்தவை திண்ணை, பாய், மணை, வசதியிருந்தால் ஊஞ்சல். கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ கதையில், ஆசையாகச் செய்து வாங்கிய நாற்காலி கடைசியில் ஊரில் இறந்தவர்களை உட்கார வைக்க இரவல் போகும். சிரித்துக்கொண்டே படித்த கதைதான். ஆனால் 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தலித் பெண்ணான தலைவர் தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலும் இருந்த படம் வெளிவந்தபோது சிரிப்பு வரவில்லை.

செட்டிநாட்டுச் சாமான்களின் கதை வேறு. பர்மாவில் செட்டிநாட்டாரின் வட்டித் தொழில் செழித்தபோது அங்கிருந்து தேக்கு கப்பலில் வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் வரவு நின்றது. பிறகு பங்காளிகள் பெருகி, பராமரிக்க ஆளில்லாமல், வீடுகளைப் பிரித்து விற்றார்கள். தூணும் கதவும் காரைக்குடிக் கடைகளுக்கு வந்தன. தாம்பரத்துக்குத் தென்கிழக்கே கடலோரம், முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீட்டை மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். வீடாகவே நிற்பது அதன் அதிர்ஷ்டம். மற்ற வீட்டுக் கதவுகள் பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககங்களில் சாப்பாட்டு மேசையாகிவிட்டன. சம்மணமிட்டு வரவு செலவு எழுதிய கணக்குப்பிள்ளைப் பெட்டிக்கு இப்போது காபிக் கோப்பை தாங்குகிற வேலை.

அதில் எனக்குக் கோபமில்லை. மரத்துக்கு இன்னொரு வாழ்வு கிடைக்கட்டும். புது மரத்தைத் தேய்த்து, கறையேற்றி, ‘தாத்தா காலத்துச் சாமான்’ என்று விற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. தாத்தாவுக்கு நாற்காலி இருந்ததா, யார் முன்னால் அவர் கைகட்டி நின்றார் என்பதெல்லாம் அந்தப் பாலிஷில் மறைந்துவிடுகிறது.

பல்லாவரத்து வியாபாரி கவிழ்த்த பெயின்ட் வாளி மேல் உட்கார்ந்திருந்தார். “இவ்வளவு நல்ல நாற்காலி இருக்க வாளி எதுக்குங்க?” என்றேன்.

“விக்கிற சாமான்ல நாங்க ஒக்காரமாட்டோம் சார். நீங்க ஒக்காந்து பாருங்க” என்றார்.