அணில் இருக்கிற காடு

"மலையில அணில் இருந்தா என்ன, போனா என்ன? நம்ம ஆலங்குளத்துப் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் அதனால என்னங்கய்யா லாபம்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலுள்ள சாம்பல் நிற அணில், தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதற்காகவே 1988-இல் சரணாலயம் அமைந்தது. 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று.

இந்த அணில் கிளைக்குக் கிளை தாவியே பிழைக்கும். ஓடைக்கரை மரங்கள் கிளை கோத்து நிற்க வேண்டும். அதே மரங்களும் சருகும்தான் மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கி, ஓடையில் மெதுவாக விடுகின்றன. மரம் போனால் வெள்ளம் மண்ணை அள்ளிவரும். அடிவாரக் கண்மாய் தூர்ந்து போகும்.

அடிவாரத்து மாந்தோப்பில் அணில் காய் கடிப்பது உண்மை. நஷ்டம் உங்களுக்குத்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கண்ணி, விஷம் வைக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். தோப்பில் முதிர்ந்த மரங்களை வெட்டாமல் விடுங்கள்.

ஆலங்குளத்துக்காரர்களே, நம்முடையது மானாவாரி. இங்கேயும் அதே கணக்குதான். வரப்போர வேம்பில் ஆந்தை உட்கார்ந்தால் எலி குறையும். பூக்கும் செடிகொடி இருந்தால் தேனீ வரும். கண்மாய்க் கரை மரத்தில் கோடாலி வைக்குமுன், அதை நம்பி யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கில் நாமும் இருப்போம்.