வாயைத் திறந்து காட்டுவோம்



நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் தண்ணீர் கொடுக்கிறோம். சாப்பாடு முடிந்ததும் வெற்றிலைத் தட்டை நீட்டுகிறோம். பரிசம் போடுவதும், கல்யாணத்துக்கு அழைப்பதும், கோயில் காரியங்களும் வெற்றிலை பாக்கு இல்லாமல் நடப்பதில்லை. விடியுமுன் பிரட்டுக்களத்துக்குப் போகும் பெண்கள் முந்தானையில் வெற்றிலைச் சுருளை முடிந்துகொண்டு போவதைப் பார்த்தே நாமெல்லாம் வளர்ந்தோம். பால்மரக் காட்டில் பசியையும் களைப்பையும் மறக்க அதுதான் துணையாக இருந்தது. தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த பிறகும், அந்த வெற்றிலைப் பெட்டி நம்மோடு கூடவே வந்துவிட்டது.

அந்தப் பெட்டிக்குள் இருந்து வரக்கூடிய ஒரு நோயைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம். அது வாய், நாக்கு, தொண்டை ஆகியவற்றில் வரும் புற்றுநோய்.

நம் நாட்டு மக்களில் இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் இருக்கிறோம். ஆனால் வாய்ப்புற்று நோயில் நம்முடைய பங்கு அதைவிட மிகவும் அதிகம். அதிலும் நம் பெண்களிடையே இது கூடுதலாகக் காணப்படுகிறது. இதற்கு முக்கியமான காரணம் மெல்லும் பழக்கமே. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1985-ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று சொல்கிறவர்கள் நம்மில் உண்டு. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று அதே அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. வெற்றிலையைக் கொடுப்பில் அடக்கி வைக்கும் பக்கத்தில், பாக்கின் சாறும் சுண்ணாம்பின் காரமும் ஓயாமல் பட்டுப்பட்டுத் தோல் கெடுகிறது. இதனோடு சிகரெட்டும் சம்சு, கள் போன்ற மதுவும் சேர்ந்துகொண்டால் ஆபத்து பல மடங்காகிறது. இந்தப் பழக்கங்கள் எதுவும் இல்லாதவர்களுக்கும் எப்போதாவது இந்நோய் வருவதுண்டு. ஆகவே, நோய் கண்டவரைக் குற்றவாளியாகப் பார்க்கக் கூடாது.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறோம். எங்கள் பெரியம்மா யோங் பெங் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். தூங்கும்போதும் இடப்பக்கக் கொடுப்பில் புகையிலையை அடக்கிக்கொள்வார். ஒரு நாள் குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு மோர்ச்சோறு மட்டும் சாப்பிட்டார். "என்ன பெரியம்மா, காரம் ஒத்துக்கலையா?" என்று கேட்டோம். "ஒன்னுமில்லப்பா, பல்லு குத்திருச்சு" என்றார். நாங்களும் விட்டுவிட்டோம். அடுத்த மாதம் கேட்டபோதும் அதே பதில்தான். தீபாவளிக்கு அவர் கையால் சுட்ட முறுக்கை அவரே தொடவில்லை. அன்றைக்குத்தான், "வாயைத் திறங்க பெரியம்மா" என்று சொல்லி, கைவிளக்கை அடித்துப் பார்த்தோம். நாக்கின் இடது ஓரத்தில் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு புண். அதன் விளிம்பு தடித்திருந்தது. தொட்டால் கல்லைப் போல இருந்தது. நான்கு மாதம் ஓடிவிட்டிருந்தது.

பள்ளியில் பிள்ளைகளின் நகத்தையும் பல்லையும் நாள் தவறாமல் பார்க்கிறவர்கள் நாங்கள். எங்களை வளர்த்த பெரியம்மாவின் வாயைப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. இந்த உரையை நிகழ்த்த முன்வந்ததற்கு அதுவே காரணம்.

பெரியம்மா ஏன் மறைத்தார்? பின்னாளில் அவரே சொன்னார்: "வலியே இல்ல. வலிச்சா சொல்லியிருப்பேன்." நேயர்களே, இந்த நோயின் ஆபத்தே இதில்தான் இருக்கிறது. சாதாரண வாய்ப்புண் சுருக்கென்று வலிக்கும். பத்து நாளில் ஆறிவிடும். இந்தப் புண்ணோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஆனால் ஆறவும் ஆறாது. எனவே, ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாயில் எந்தப் புண்ணும் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், அதைப் பல் மருத்துவரிடமோ டாக்டரிடமோ காட்டியே ஆக வேண்டும்.

புண் மட்டுமல்ல, வேறு அடையாளங்களும் உண்டு. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் துணி போன்ற சிவப்புத் திட்டு, கன்னத்திலோ நாக்கிலோ தடிப்பு, காரணமில்லாமல் ஆடும் பல், மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல், விழுங்கும்போது தொண்டையில் ஏதோ சிக்கியது போன்ற உணர்வு, கழுத்தில் கட்டி ஆகியவற்றைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். பாக்கு மெல்கிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நாளடைவில் நார் போல இறுகி, வாயைத் திறக்க முடியாமல் போவதும் உண்டு. அதுவும் ஓர் எச்சரிக்கைதான்.

மாதம் ஒருமுறை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். வெளிச்சமான இடத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். உதட்டை மடித்துப் பாருங்கள். இரண்டு கன்னங்களையும் விரலால் இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். நாக்கை நீட்டி, மெல்லிய துணியால் பிடித்து, இரண்டு ஓரங்களையும் பாருங்கள். நாக்கை மேலே தூக்கி அடிப்பகுதியைப் பாருங்கள். கழுத்தின் இருபுறமும் தடவிப் பாருங்கள். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். முதியவர்களுக்குப் பேரப்பிள்ளைகளே விளக்குப் பிடித்து உதவலாம்.

இப்படிப் பார்ப்பதால் பயனுண்டா என்று கேட்கலாம். கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில், 1996-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, மக்களின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். 2005-இல் அதன் முடிவு வெளியானது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் ஏற்படும் மரணம், இவ்வாறு சோதிக்கப்பட்ட ஊர்களில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நம் நாட்டிலும் சுகாதார அமைச்சின் பல்நலப் பிரிவினர் தோட்டப்புறங்களுக்கு வந்து வாயைச் சோதிக்கிறார்கள். அவர்கள் வரும் நாளில், "எனக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குள் இருந்துவிடாதீர்கள்.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. அடுத்து என்ன நடக்கும்? அரசாங்கப் பல் கிளினிக்கில் பார்த்து, பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள். அங்கே மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணிலிருந்து அரிசி அளவு சதையை எடுத்துச் சோதிப்பார்கள். இதைப் பயாப்சி என்பர். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று நம்மவர் சொல்வது தவறு. பயாப்சியினால் நோய் பரவாது. அதைத் தட்டிக்கழித்து, எண்ணெயும் மூலிகையும் பூசிக்கொண்டிருக்கும் காலத்தில்தான் நோய் பரவுகிறது. பிறகு ஸ்கேன் எடுத்து, நோய் நான்கு கட்டங்களில் எதில் இருக்கிறது என்று சொல்வார்கள். முதற்கட்டத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். முற்றிய பிறகு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக்கூட அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. எல்லாம் காலத்தைப் பொறுத்ததே.

பெரியம்மாவுக்குக் கழுத்திலும் ஒரு கட்டி இருந்ததால் மூன்றாம் கட்டம் என்றார்கள். பத்து பாகாட்டிலிருந்து ஜோகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கதிர்வீச்சு சிகிச்சை அங்கேதான் உண்டு. முதலில் அறுவை சிகிச்சை. நாக்கில் ஒரு பகுதியையும் கழுத்துக் கட்டிகளையும் எடுத்து, கையிலிருந்து தோலும் சதையும் எடுத்து நாக்கை ஒட்டினார்கள். சில நாட்கள் மூக்கு வழியாகக் குழாயில் உணவு. புண் ஆறியதும் வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் கதிர்வீச்சு. அன்றாடம் போய்வர முடியாது என்பதால், அந்த ஆறு வாரமும் ஜோகூர் பாருவில் உறவினர் வீட்டில் மாறி மாறித் தங்கினோம்.

கதிர்வீச்சு படும்போது வலிக்காது. தொல்லை எல்லாம் மூன்றாம் வாரத்துக்கு மேல்தான் வரும். வாயெல்லாம் புண்ணாகும். உமிழ்நீர் வற்றிப் பசை போலாகும். நாக்கில் சுவை தெரியாது. கழுத்துத் தோல் கறுக்கும். இந்தச் சமயத்தில்தான் பலர் மனம் சோர்ந்து பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தவே கூடாது. பாதிச் சிகிச்சை, பாதி வெட்டிய களைக்குச் சமம். வேர் உள்ளே இருக்கும்.

வீட்டிலுள்ளவர்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, நாளைக்குப் பலமுறை வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். காரம், புளிப்பு, சூடு மூன்றையும் விலக்குங்கள். அரிசிக் கஞ்சியோடு முட்டையையோ முள் நீக்கிய மீனையோ சேர்த்து அரைத்துக் கொடுக்கலாம். கேழ்வரகுக் கூழ், பால், நன்றாகப் பிசைந்த பழம் ஆகியவையும் நல்லவை. ஒரே தடவையில் நிறைய வேண்டாம். இரண்டு மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாரந்தோறும் எடை பாருங்கள். எடை விடாமல் இறங்கினால் உடனே மருத்துவமனையில் சொல்லுங்கள். சொத்தைப் பல்லைக் கதிர்வீச்சுக்கு முன்பே பிடுங்கிவிடுவார்கள். பிறகு பல் பிடுங்க நேர்ந்தால், கதிர்வீச்சு கொடுத்த விவரத்தைப் பல் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். இல்லையேல் தாடை எலும்பு ஆறாமல் கெட்டுவிடக்கூடும். வாயைத் திறக்கும் பயிற்சியையும் விழுங்கும் பயிற்சியையும் சொல்லிக்கொடுத்தபடி அன்றாடம் செய்ய வேண்டும்.

முக்கியமான இன்னொன்று. இது ஒட்டுவாரொட்டி நோயன்று. தட்டையும் குவளையையும் தனியாக ஒதுக்கி வைக்காதீர்கள். அது நோயாளியின் மனத்தை நோயைவிட அதிகமாக நோகடிக்கும்.

பெரியம்மாவின் பேச்சு முதலில் யாருக்கும் புரியவில்லை. ர, ல, ழ என்ற எழுத்துகளெல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தன. கடைக்குப் போகவே கூச்சப்பட்டார். பேச்சுப் பயிற்சியாளர் வாய்க்கும் நாக்குக்கும் பயிற்சி கொடுத்தார். வீட்டில் முதலாம் ஆண்டுப் பாட நூலை எடுத்து வைத்துக்கொண்டு, பேத்தியும் அவரும் சேர்ந்து படித்தார்கள். பெரியம்மா சொல்லைத் தடுமாறி முடிக்கும் வரை யாரும் குறுக்கே புகுந்து முடித்துவைக்கக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டமே போட்டோம். இன்றும் அவர் பேச்சு முன்பு போல இல்லை. ஆனால் தெருவில் போகும் ஐஸ்கிரீம் வண்டியை நிறுத்துகிற அளவுக்குக் குரல் வந்துவிட்டது. குரல்வளையையே எடுக்க நேர்ந்தவர்கள் கழுத்துத் துளை வழியாக மூச்சு விடுவார்கள். அவர்களுக்கும் சிறு கருவி, வால்வு ஆகியவற்றின் துணையோடு பேசப் பயிற்சி உண்டு.

செலவை நினைத்துப் பின்வாங்காதீர்கள். குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனைக் கட்டணம் மிகக் குறைவு. அதுவும் முடியாதவர்கள், அங்குள்ள மருத்துவச் சமூகநலப் பிரிவில் அடையாள அட்டையோடும் வருமான விவரத்தோடும் போய்க் கேட்கலாம். பெர்கேசோ சந்தா கட்டியவர்கள், 60 வயது நிறையுமுன் நோயினால் வேலை செய்ய முடியாமல் போனால், இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். வெட்கப்பட வேண்டியதில்லை, நீங்கள் கட்டிய பணம் அது.

புற்றுநோய் என்றால் சாவுதானே, அதற்கு ஏன் ஒரு மருத்துவமனை என்று சென்னையில் ஒரு காலத்தில் கேட்டவர்கள் உண்டு. தம் தங்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதைக் கேட்டு ஓய்ந்துவிடவில்லை. 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மறு ஆண்டு அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-இல் மறையும் வரை அதற்காகவே வாழ்ந்தார். அங்கே நலம் பெற்றுத் திரும்பியவர்களே அந்தக் கேள்விக்குப் பதில்.

நேயர்களே, வெற்றிலைத் தட்டு மங்கலப் பொருளாக இருக்கட்டும். தாம்பூலம் வைக்கலாம், மெல்ல வேண்டியதில்லை. பாக்கையும் புகையிலையையும் ஒரே நாளில் விட முடியாவிட்டாலும், தூங்கும்போது கொடுப்பில் அடக்குவதை இன்றிரவே நிறுத்தலாம். பிறகு ஒவ்வொரு வேளையாகக் குறைத்து முழுதும் விட்டுவிட வேண்டும். பெரியம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் இப்போது அவருடைய மருத்துவமனை அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொரு சோதனை நாளையும் பேத்திதான் அதிலிருந்து படித்துச் சொல்கிறாள்.

இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மெல்லும் பழக்கமுள்ள பெரியவர் அருகில் உட்காருங்கள். "வாயைத் திறங்க, ஒருமுறை பார்த்துவிடுகிறேன்" என்று கேளுங்கள். அவர் சிரிப்பார், ஒன்றுமில்லை என்பார். நாங்கள் அந்தச் சொல்லை நம்பி நான்கு மாதத்தை இழந்தோம். நீங்கள் பார்த்துவிட்டே எழுந்திருங்கள்.