உறக்கமும் நம் உரிமையே
(தில்லியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலையில் கண்ணயர்ந்தால் நம்மைச் சோம்பேறி என்கிறார்கள். வகுப்பில் தூங்கும் பிள்ளையை மக்கு என்கிறார்கள். நாமும் அதை நம்பிவிடுகிறோம். அது தவறு என்று சொல்லவே இன்று வந்திருக்கிறோம்.

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. உறக்கம், பசி, உடல்சூடு எல்லாம் அதன் கணக்கில்தான் நடக்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் குழுவினர், வெயிலோ கடிகாரமோ தெரியாத தனியறையில் மனிதர்களைத் தங்கவைத்து இதை ஆராய்ந்தார்கள். வெளிநேரம் தெரியாமலே உடல் தன் கணக்கில் உறங்கியது, விழித்தது. இக்கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களைக் கண்டதற்காக 2017இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்தக் கடிகாரத்தை நாள்தோறும் திருத்தி வைப்பது பகல் வெளிச்சம். முதலாளியின் சங்கு அல்ல! விடியலுக்கு முந்திய நேரத்தில் உடல்சூடு மிகவும் தணிகிறது, கவனம் குறைகிறது. அந்த நேரத்தில்தான் நம் தோழர்கள் இயந்திரத்தின் முன்னும் காவல் வாசலிலும் நிற்கிறார்கள். நள்ளிரவில் உண்ணும் சோற்றை உடல் பகலைப் போல் சமாளிப்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. வாராவாரம் ஷிப்டு மாறினால், உடல் ஒன்றுக்குப் பழகுமுன் அடுத்தது வந்துவிடுகிறது. உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவு வேலை புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல் வகைப்படுத்தியது.

பிள்ளைகளைப் பாருங்கள். ஜனவரியில் சென்னையில் ஆறரைக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். தில்லியில் சூரியன் உதிக்கவே ஏழே கால் ஆகிறது. வளரும் வயதில் உறக்கம் தாமதமாகவே வரும், அது இயற்கை. அந்தப் பிள்ளையைத்தான் இருட்டில் எழுப்பிப் பனிமூட்டத்தில் பள்ளிக்கு அனுப்புகிறோம்.

2025 ஜூன் 1ஆம் தேதி ஜங்புராவில் மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. மாற்று வீடு பெற்றவர்களுக்கு இடம் நரேலாவில். சுமார் 40 கிலோமீட்டர் தூரம்! ஜங்புரா வீடுகளில் பாத்திரம் தேய்த்த நம் சகோதரி பழைய வேலையைக் காக்க வேண்டுமானால், விடியுமுன்னே பஸ் ஏற வேண்டும். வீட்டோடு அவள் உறக்கமும் பறிபோகிறது. இந்தக் கணக்கை எந்தக் கோப்பில் எழுதினார்கள்?

வீட்டில் நம்மால் ஆவதைச் செய்வோம். இரவு வேலை முடித்து வந்தவர் படுத்திருந்தால் ஜன்னலுக்குக் கனத்த துணி போடுவோம், டி.வி. சத்தத்தைக் குறைப்போம். படுக்கையில் பிள்ளைகள் கையில் செல்போன் வேண்டாம். காலை வெயிலில் சற்று நேரம் நிற்கட்டும்.

ஆனால் துணி போட்டால் மட்டும் தீராது. ஷிப்டை அடிக்கடி மாற்றாதே, இரட்டை ஷிப்டுக்குக் கட்டாயப்படுத்தாதே, குடியிருப்பை வேலைக்கும் பள்ளிக்கும் அருகில் கொடு என்று சேர்ந்து கேட்க வேண்டும். 1923இல் சென்னையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். எட்டு மணி நேர வேலை என்ற மே தினக் கோரிக்கைக்குள் எட்டு மணி நேர ஓய்வும் அடங்கியிருக்கிறது. அதை மறவாதிருப்போம்.