காற்று எட்டாத இடம்

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்தது, டாக்டர் சௌரி முத்து 1928-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனை. காசநோய்க்கு மருந்தில்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் வைத்தியம்.

ஆனால் வெளியே எவ்வளவு காற்று வீசினாலும், நுரையீரலில் உள்ள காசநோய்க் கட்டியின் நடுவே ஆக்சிஜன் சரியாகப் போய்ச் சேராது. கிருமியைச் சூழ்ந்து நிற்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்தத் திணறலில்தான் வேலை செய்கின்றன. ஆக்சிஜன் இருந்தால் உடனுக்குடன் சிதைந்துவிடும் எச்.ஐ.எஃப்.-1 என்ற புரதம், ஆக்சிஜன் குறைந்ததும் நிலைத்து நின்று அழற்சியைத் தூண்டுகிறது. கிருமியை அடக்க இது வேண்டியதுதான். அளவு மீறினால்? சீக்கிரம் மடியவேண்டிய நியூட்ரோஃபில் என்ற எதிர்ப்பு அணுக்கள் கூடுதல் நேரம் பிழைத்து, திசுவைக் கரைக்கும் நொதிகளைக் கொட்டுகின்றன. நுரையீரலில் குழி விழுவதில் நம் உடம்பின் இந்தக் கோபத்துக்கும் பங்குண்டு!

இப்படி உயிரணுக்கள் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கிருமியும் உறங்கிக் கிடக்கும். உறங்கும் கிருமியை இன்றைய மருந்தும் எளிதில் கொல்லாது. மாத்திரை வழக்கமாக ஆறு மாதம் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை இலவசம்.